கையெழுத்துக்குக் காத்துக் கிடந்த மசோதாக்கள்

2022 நவம்பர் 11 அன்று, சின்னாளப்பட்டியை ஒட்டிய காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் பிரதமர் மோடி, ஆளுநர் ஆர்.என்.ரவி, முதல்வர் ஸ்டாலின் மூவரும் ஒரே மேடையில் இருந்தார்கள். துணைவேந்தரை நியமிக்கும் உரிமையை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்ற அந்த ஏப்ரலிலேயே பேரவை நிறைவேற்றிய மசோதா அன்றும் ஆளுநர் மாளிகையில்தான் கிடந்தது. ஒன்றிய அரசின் நிதியில் நடக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமத்தை அது தொடாது. திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகள் பலவும் இணைந்துள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைத் தொடும். அங்கே 2024-ல் துணைவேந்தர் விலகியபின் நிர்வாகம் ஒரு குழுவின் கைக்குப் போனது.

மாற்றுக் கட்சியின் கையிலிருக்கும் சட்டமன்றத்தின் மசோதாவைத் தலைமைப் பதவியில் இருப்பவர் மறுப்பது உலகில் புதிதல்ல. அமெரிக்க அதிபர் தமக்குப் பிடிக்காத மசோதாவை ஞாயிறு நீங்கலாக 10 நாளுக்குள், காரணம் எழுதித் திருப்பியனுப்ப வேண்டும். இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கில் மீண்டும் நிறைவேற்றினால் அவருடைய வீட்டோ செல்லாது. அவை நடக்கும்போது அவர் பேசாமல் இருந்துவிட்டால், கையெழுத்தில்லாமலே அது சட்டமாகிவிடும். நம் அரசமைப்பின் 200-வது பிரிவைக் காகிதத்தில் பார்த்தால் ஆளுநருக்கு அவ்வளவு பலம்கூட இல்லை: அவர் திருப்பியனுப்பிய மசோதாவைப் பேரவை சாதாரணப் பெரும்பான்மையில் மறுபடி நிறைவேற்றினாலே போதும், ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. ஆனால் ‘கூடிய விரைவில்’ திருப்பியனுப்பலாம் என்று இருக்கிறதே தவிர, நாள் கணக்கு இல்லை. வம்பெல்லாம் அந்த இடைவெளியில்தான். ஆளுநர் ‘முடியாது’ என்றால் பேரவை மறுபடி கூடலாம். பதிலே வராத மசோதாவை எந்தப் பேரவையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவைப் பாருங்கள். 2022 அக்டோபரில் நிறைவேறி, 2023 மார்ச் வரை கிடந்தது. திருப்பியனுப்பப்பட்டதும் மார்ச் 23-ல் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்துவிட்டது. மறுப்பு ஒரு மாதத்தில் தீர்ந்தது, மௌனம்தான் மாதக்கணக்கில் தின்றது. அதே ஏப்ரலில், நிறுத்திவைத்தால் மசோதா செத்ததற்குச் சமம் என்ற பொருளில் ஆளுநர் பேசினார். 2020 முதல் தேங்கியவற்றில் 10 மசோதாக்களை (இரண்டு அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை) அவர் நிறுத்திவைப்பதாகச் சொன்னது 2023 நவம்பர் 13-ல், தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போன பிறகு. நவம்பர் 18-ல் பேரவை அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. 28-ல் அவை குடியரசுத் தலைவருக்குப் போயின. ஆண்டுக்கணக்கில் நகராத கோப்புகள் 15 நாளில் நகர்ந்துவிட்டன!

ஒன்றியச் சட்டத்தோடு மோதும் மசோதாவை ஆளுநர் தடுக்காமல் வேறு யார் தடுப்பார், துணைவேந்தர் நியமனம் யுஜிசி விதிகளுக்கு முரணில்லையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை சென்னை உயர் நீதிமன்றமே கொடுத்தது. 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. துணைவேந்தர் நியமனம் தொடர்பான திருத்தங்களுக்கு மே 21-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தடை சரியா தவறா என்பது வேறு விஷயம். அது திறந்த மன்றத்தில், இரு தரப்பையும் வைத்துக்கொண்டு விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. மௌனத்தின் மேல் எங்கே முறையிடுவது?

அரசமைப்பில் இல்லாத காலக்கெடுவை அந்த ஏப்ரல் தீர்ப்பில் நீதிபதிகள் எழுதலாமா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். குடியரசுத் தலைவர் எழுப்பிய 14 கேள்விகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20-ல் அளித்த கருத்துரை அதை ஏற்றது: காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்பட்ட ஒப்புதலும் கிடையாது. ஆனால் திருப்பியனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க ஆளுநருக்கு உரிமையில்லை, முடிவில்லாமல் இழுத்தடித்தால் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம் என்றும் அது சொன்னது. செத்த மசோதா என்ற வாதம் அதோடு போயிற்று. எழுத்தின்படி பார்த்தால் கெடு பற்றிய முடிவு சரி என்றே எனக்கும் படுகிறது. அப்படியானால் எழுத்தைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். ஆளுநருக்கு ஆறு மாதக் கெடு வேண்டுமென்று, ஒன்றிய-மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010-லேயே சொல்லிவிட்டது. குடியரசுத் தலைவரையும் அதில் சேர்க்க வேண்டும். நீட் விலக்கு மசோதா முதலில் நிறைவேறியது 2021 செப்டம்பர் 13-ல். டெல்லியில் அது நிராகரிக்கப்பட்டதை முதல்வர் பேரவையில் சொன்னது 2025 ஏப்ரல் 4-ல். இடையில் மூன்று நீட் தேர்வுகள் நடந்து முடிந்திருந்தன.