முன்னிருக்கையில் ஒரு காய்கறிப் பை

சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பையைக் காரின் முன்னிருக்கையில் வைத்துப் புறப்பட்டேன். எச்சரிக்கை மணி ஓயாது ஒலித்தது. பையின் எடையை மனிதரென எண்ணிய கார், சீட் பெல்ட் அணியச் சொன்னது!

2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் இம்மணி கட்டாயம். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் இடைவிடாதும் ஒலிக்கும் வேக எச்சரிக்கையும் அவ்வாறே. எரிச்சலூட்டினும் இவை உயிர் காப்பவை. இவற்றின் ஓசை காருக்குள்ளேயே முடிந்துவிடும்.

கவலைக்குரியவை ஓசையின்றி வெளியே செல்லும் தகவல்களே. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் திரட்டிய ஓட்டும் பழக்க விவரங்கள், தரவு நிறுவனங்கள் வழியே காப்பீட்டாளர்களை எட்டின. எதிர்ப்பு எழவே, 2024இல் அப்பகிர்வு நிறுத்தப்பட்டது.

நம் நாட்டிலும், ஓட்டும் தூரத்தையும் விதத்தையும் பொறுத்துப் பிரீமியம் கணக்கிடும் கூடுதல் காப்பீட்டுக்கு 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ அனுமதி அளித்தது. குறைவாகவும் நிதானமாகவும் ஓட்டுவோருக்கு இது ஆதாயம் தரலாம். எனினும், எந்தத் தகவல் திரட்டப்படும், யாரிடம் செல்லும், எவ்வளவு காலம் இருக்கும் என்று முதலில் கேளுங்கள். காரை விற்குமுன், அதில் பதிவான கைபேசி விவரங்களை அழித்துவிடுங்கள்.

தொகை எழுதாத காசோலையில் நாம் கையொப்பமிடுவதில்லை. படிக்காத ஒப்புதலும் அத்தகையதே.