மார்க்குக்குப் பரிசு உண்டு, கேள்விக்கு?

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருகிறது என்றால், அந்தச் செய்தி முதலில் எட்டுவது ஸ்டேஷனரிக் கடைக்குத்தான். தெர்மாகோல், சார்ட், கலர் பேப்பர். சில கடைகளில் செய்து முடித்த மாடலே விலைக்குக் கிடைக்கும். வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்து எரிமலை பொங்க, பிள்ளை பக்கத்தில் நின்று மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பான். சிறப்பு விருந்தினர் முதுகில் தட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார். பொங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த எரிமலையில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

இதற்கு நேரெதிரான ஓர் ஏற்பாடு 1993 முதல் நம்மிடமே இருக்கிறது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய வேண்டும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிகள். தாய்மொழியிலேயே ஆய்வை எடுத்துச் சொல்லலாம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கும் இடம் உண்டு. தமிழகத்தில் பல்லாண்டுகளாக இதை முன்னின்று நடத்தி வந்திருப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். இத்தனை இருந்தும், மாணவர்களின் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்; நீட் கோச்சிங் கட்டணம் தெரிந்த அளவுக்கு இந்தப் பெயர் தெரியாது.

இதில் எப்படிப்பட்ட கேள்வியை எடுக்கலாம்? ஓர் உதாரணம். குளத்துத் தண்ணீர் கலங்கலாக இருந்தால், குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பது பழைய வழக்கம். முருங்கை விதைப் பொடியும் தண்ணீரைத் தெளிய வைக்கும். இரண்டில் எது வேகமாகத் தெளிய வைக்கும், எவ்வளவு போட வேண்டும் என்று பாட்டியைக் கேட்டால் “கண் அளவுதான்” என்பார். ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. ஒரே அளவான பாட்டில்களில் ஒரே குளத்துத் தண்ணீர். ஒன்றில் எதுவும் போடக் கூடாது. ஒப்பிட அது வேண்டும். தெளிவை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உயரமான கண்ணாடிக் குழாயின் அடியில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, குறி மறையும் வரை தண்ணீரை ஊற்றி, அந்த உயரத்தை ஸ்கேலால் அளந்தால் போதும். ஒருமுறை செய்தால் போதாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மழை பெய்த மறுநாள் கணக்கெல்லாம் மாறிப்போகும். அதையும் எழுத வேண்டும்.

முருங்கை விதையில் உள்ள புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டம் கொண்ட களிமண் துகள்களை அது இழுத்துத் திரட்டி அடியில் படிய வைக்கிறது. ஆனால் விதையின் மிச்சம் தண்ணீரிலேயே தங்குவதால், நாள் கடந்தால் நாற்றம் வரலாம். தெளிந்த தண்ணீரெல்லாம் குடிக்கத் தகுந்த தண்ணீர் இல்லை, கிருமி கண்ணுக்குத் தெரியாது. இந்த இடம் வரை தானாக வந்து சேரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை என்னைக் கேட்டால் விஞ்ஞானி என்றே சொல்வேன்.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கருக்குக் கேள்வி தெருவிலேயே கிடைத்தது. இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு. மறு ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேச்சு.

பணத்துக்கு வருவோம். நம் உதவித்தொகைகள் பெரும்பாலும் மார்க்கையும் ரேங்க்கையும் பார்த்தே தரப்படுகின்றன. அதில் மாறுபட்டது ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் மானக் விருது. ஆறாம் வகுப்பிலிருந்தே மாணவரின் சொந்த யோசனையைக் கேட்டு, தேர்வானால் மாடல் செய்ய 10,000 ரூபாய் தருகிறார்கள். வேலை முடிந்த பிறகு கழுத்தில் போடும் மெடலை விட, வேலை தொடங்கும்போது கையில் வரும் இந்தப் பணம் மேலானது என்பேன். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மோட்டாரும் ஒயரும் யார் வாங்கித் தருவார்கள்?

மேல்வகுப்புகளில்தான் ஓட்டை. பதினொன்றாம் வகுப்பிலிருந்தே மாணவர்களை அடிப்படை அறிவியல் பக்கம் இழுத்த கே.வி.பி.ஒய் உதவித்தொகைத் திட்டம் 1999-ல் தொடங்கி 2022-ல் நின்றது. தேசியத் திறனாய்வுத் தேர்வும் 2021-க்குப் பிறகு நடக்கவில்லை. அரசுப் பள்ளிகளில் அறிவியலைச் செய்து பார்த்துக் கற்பதற்காகத் தமிழக அரசு 2022-ல் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். கேள்வி முற்றும் வயதில் பப்ளிக் எக்ஸாம் வந்து குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டி, பிளஸ் டூவில் போர்டின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து பி.எஸ்ஸி. போன்ற அடிப்படை அறிவியல் படிப்பில் சேருவோருக்கு இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் உண்டு. அதில் 20,000 ரூபாய், கோடை விடுமுறையில் ஓர் ஆய்வாளரின் கீழ் வேலை செய்வதற்கே ஒதுக்கியது. “பி.எஸ்ஸி. படித்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்கும் வீடுகளில் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம்.

மானக் விருதுக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் இணையத்தில் பெயரைப் பதிய வேண்டும். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் வழிகாட்டி ஒருவர் முன்வர வேண்டும். ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட கையோடு, தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்: “இந்த வருஷம் நம்ம ஸ்கூலிலிருந்து யார் பெயரைக் கொடுத்திருக்கீங்க, சார்?”