பழைய காபட்டுக்கு எண்ணெய்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீதியைச் சுரண்டிப் புதுக் காபட் போடும்போது ஓரத்தில் குவியும் கறுப்புத் துண்டுகளைக் குப்பை என்றே நினைக்கிறோம். ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். வெளிப்புறம் சாம்பல் பூத்திருந்தாலும் உடைந்த முகத்தில், கருங்கல்லைச் சுற்றி, தார் இன்னும் பளபளக்கும். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை; தார்தான் இறுகிவிட்டது.

தாரில் அஸ்பால்டீன் என்ற கனத்த பகுதியும் பிசினும் எண்ணெய்ப் பசையும் கலந்திருக்கின்றன. வெயிலும் ஒட்சிசனும் சேர்ந்து எண்ணெயைப் பிசினாக்கி, பிசினை அஸ்பால்டீனாக்கிவிடுகின்றன. ஆய்வுகூடத்தில் இந்த இறுக்கத்தை ஓர் ஊசியால் அளப்பார்கள். 25 பாகை செல்சியஸில், 100 கிராம் பாரத்துடன், 5 செக்கன் விட்டால் 60/70 ரகத் தாரில் ஊசி 6 முதல் 7 மில்லிமீற்றர் இறங்கும். பல வருடம் வெயில் குடித்த தாரில் 2 மில்லிமீற்றர் இறங்குவதே பெரும்பாடு. அப்படியே திரும்பப் போட்டால் பஸ் சில்லுக்கடியில் வெடித்துவிடும்.

குறைந்துபோன எண்ணெய்ப் பகுதியை ஈடுகட்ட வருவதுதான் புத்துயிரூட்டி. எஞ்சின் ஒயில் தயாரிப்பில் பிரியும் கனத்த எண்ணெய், பைன் மரக் கூழிலிருந்து கடதாசி ஆலைகளுக்குக் கிடைக்கும் எண்ணெய், சோயா எண்ணெய் எல்லாம் இதற்கு உதவும். வடை பொரித்து மீந்த எண்ணெயும் சரிவரும் என்றால் வெள்ளவத்தைக்காரர் சிரிப்பார்கள். ஆனால் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் அதைத்தான் காட்டினார்கள்: 3, 4 சதவீதம் சேர்த்ததும் இறுகிய தார் பழைய இளக்கத்துக்கு வந்தது. ஒரு சிக்கல், பொரித்த எண்ணெயில் அமிலம் மிகுந்தால் தார் கல்லைப் பிடிக்கும் பிடி தளரும். முதலில் அதைச் சுத்திகரிக்க வேண்டும்.

ஜப்பானில் மீள்கலவைக் காபட்டில் ஏறக்குறையப் பாதி பழைய வீதிதான். தாரைத் தரும் கச்சா எண்ணெயை வாங்க டொலர் இல்லாமல் 2021 நவம்பரில் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்தை மூடிய நாம், சுரண்டிய தாரைப் பள்ளம் நிரப்பக் கொட்டுவது எனக்கு ஊதாரித்தனமாகவே படுகிறது.

பழைய காபட்டைப் புதுக் கல்லோடு கலக்குவது லேசான வேலையல்ல. பழைய துண்டில் நெருப்பு நேரே பட்டால் தார் கருகும். அதனால் புதுக் கல்லை மிகச் சூடாக்கி, அந்தச் சூட்டாலேயே அதை இளக்குவார்கள். எண்ணெய் உள்ளே ஊறவும் நேரம் வேண்டும். அளவு கூடினால், பஸ் தரிப்பிடத்தில் நண்பகல் வெயிலுக்குச் சில்லுத் தடம் பள்ளமாக விழும். எல்லா வீதியும் ஒரே வயதல்ல. ஆகவே ஒவ்வொரு குவியலிலிருந்தும் தாரைப் பிரித்தெடுத்து, ஊசி இறக்கிப் பார்த்துத்தான் எண்ணெயின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.