கலாசாலைத் தெரிவும் விடுதி வாழ்வும்

பள்ளியிறுதித் தேர்வில் தேறிய மாணவன் எக்கலாசாலையிற் சேர்வதென்று ஆராயுங்கால், பாடத்தையும் பணத்தையும் தூரத்தையும் முதற்கண் எண்ணுதல் இயல்பே. ஆயின் நான்காவதாக ஒன்றுண்டு; அதனை வாய்விட்டுக் கேட்பார் சிலரே. ‘யாருடன் உண்டு, யாருடன் உறங்கி, யாருடன் இம்மூன்றாண்டையும் கழிக்கப் போகிறேன்?’ என்பதே அது. இவ்வினாவிற்கு எத்துணை இடங்கொடுத்தல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டில் இவ்வினா வெளிப்படையாகவே கேட்கப்படுகின்றது. அங்குள்ள கலாசாலைகள் பலவற்றில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்கள் உள. ஆடவர் சங்கம் பிரட்டெர்னிட்டி. பெண்டிர் சங்கம் சொராரிட்டி. லத்தீன் மொழியில் உடன்பிறந்தான், உடன்பிறந்தாள் எனப் பொருள்படும் சொற்களினின்று இவை பிறந்தன. 1776-ஆம் ஆண்டு வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கலாசாலையில் தோன்றிய பை பீட்டா கப்பா என்பதே இவற்றுள் மூத்தது. அது பின்னர்க் கல்விச் சிறப்புக்குரிய கழகமாயிற்று. சேர்ந்துறையும் சங்கங்களின் மரபோ 1825-இல் நியூயார்க் மாகாணத்து யூனியன் கலாசாலையிற் கப்பா ஆல்பா சங்கத்தோடு வேரூன்றியது. பெண்கள் கலாசாலைகளிற் புகுந்தபோது ஆடவர் சங்கங்கள் அவர்களை ஏற்கவில்லை. ஆகவே அவர்கள் தமக்கெனச் சங்கங்கண்டனர். 1870-இல் இந்தியானாவில் எழுந்த கப்பா ஆல்பா தீட்டா அவற்றுள் ஒன்று. சொராரிட்டி என்னும் சொல்லையே சிரக்யூஸ் நகரத்து லத்தீன் ஆசிரியர் ஒருவர்தாம் அங்குள்ள பெண்கள் சங்கத்தின்பொருட்டு வழங்கத் தொடங்கினார்.

இச்சங்கங்களின் இல்லங்களில் உறுப்பினர் கூடி வாழ்வர். பட்டம்பெற்று வெளியேறிய மூத்தோர் இளையோர்க்கு உத்தியோகத்திற்கு வழிகாட்டுவர். தந்தை இருந்த சங்கத்தில் மகனும் சேர விழைந்து அக்கலாசாலையையே நாடுதலும் உண்டு. ஆயினும் இதில் ஒரு சிக்கல் நேயர்கள் கருதத்தக்கது. மாணவன் முதலிற் கலாசாலையிற் சேர்கின்றான். அதன் பின்னரே சங்கத்தார் அவனைக் கண்டு பேசிப் பிடித்தால் அழைக்கின்றனர். அழைப்பு வாராமலும் போகலாம். சங்கத்தை நம்பிக் கலாசாலையைத் தெரிந்தவன் அப்போது என் செய்வான்?

அழைக்கப்படாதார் நிலையிலிருந்தே இவற்றின் வரலாற்றில் உயர்ந்ததொரு பகுதி பிறந்தது. 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நீக்ரோ மாணவர் எனப்பட்ட கறுப்பின மாணவர் எழுவர் ஆல்பா பை ஆல்பா என்னும் சங்கத்தை நிறுவினர். வெள்ளையர் நடுவே தனித்துத் தளர்ந்து இடையிற் படிப்பை விடாதபடி ஒருவரையொருவர் தாங்கியதே அதன் தொடக்கம். மார்ட்டின் லூதர் கிங் பிற்காலத்தில் இதில் உறுப்பினராயினார்.

ஏறக்குறைய அக்காலத்திலேயே நம் சென்னையில் இதனையொத்த செயலொன்று நிகழ்ந்தது. வெளியூரினின்று படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்க்குத் தங்க இடமும் உணவும் எளிதிற் கிட்டவில்லை. பல உணவு விடுதிகள் அவர்களை ஏற்றில. கலாசாலை இடங்கொடுத்தும், ஊர் இடங்கொடாமையால் படிப்பு நின்றுபோகும் நிலை. இதனைக்கண்ட டாக்டர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியை நடத்தினார். ஆகவே விடுதி வாழ்வு கலாசாலைத் தெரிவைப் பாதிக்குமோ என்னும் வினா நம்மவர்க்குக் கேளிக்கையைப் பற்றியதன்று. சோற்றையும் கூரையையும் பற்றியதாகவே பிறந்தது. பெண்மக்கள் விஷயத்தில் இது பின்னும் மெய். 1915-இற் சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கலாசாலையும், 1948-இல் மதுரையில் லேடி டோக் கலாசாலையும் தொடங்கியபோது, பெற்றோர் மகளை அனுப்பத் துணிந்ததற்குப் பாடத்திட்டத்தினும் விடுதியின் காவலே பெருங்காரணம் என்பது எம் துணிபு.

கிரேக்க எழுத்துச் சங்கங்கள் நம் கலாசாலைகளில் வேரூன்றவில்லை. ஆயின் அவற்றிற்கு மிக நெருங்கியது தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையின் ஹால் முறை. 1937-இல் அக்கலாசாலை நகரத்தின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக் காட்டுநிலத்திற்குப் பெயர்ந்தபோது, சேலையூர் ஹால், செயிண்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என மூன்று உறைவிடங்கள் அதனோடு எழுந்தன. இவற்றுள் ஹீபர் ஹால் திருச்சிராப்பள்ளியில் நடந்த கலாசாலையின் பெயரைத் தாங்கியது. ஒவ்வொன்றுக்கும் தனித்த விழாவும் வழக்கமும் போட்டியிற் பெருமையும் உண்டு. அங்குப் படித்த முதியோரை எத்துறையிற் பட்டம் பெற்றீர் என்று வினவின், ஹாலின் பெயரை முன்னும் துறையின் பெயரைப் பின்னும் கூறுவாரைக் காணலாம். பின்னாளிற் பெண்களுக்கும் ஹால்கள் எழுந்தன.

எம்மூராகிய விருத்தாசலத்திற்கு அண்மையிலுள்ள சான்று சிதம்பரம். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே வகுக்கப்பெற்றது. அங்கே ஒருங்கு பயின்ற நெடுஞ்செழியனும் அன்பழகனும் பின்னர் நாட்டின் அரசியலில் முன்னின்றதை அறியாதாரில்லை. வகுப்பு மணியடித்ததும் வீடு திரும்பும் மாணவர் நடுவே இத்தகைய தோழமை முதிர்தல் அரிது.

ஆனால் அதே சிதம்பரத்தில், 1996-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மருத்துவ முதலாண்டு மாணவனொருவன் மூத்த மாணவனாற் கொலையுண்டான். புதியோரைப் பகடி செய்து துன்புறுத்தும் வழக்கத்தின் கொடுமுடி அது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. குற்றவாளிக்கு ஈராண்டு வரை சிறையும் பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. அமெரிக்காவிலும் கார்னெலில் 1873-இலேயே சங்கத்திற் சேரவந்த இளைஞன் சடங்கின்போது மலைப்பிளவில் வீழ்ந்து மாண்டான். தோழமை எனப் பெயரிட்டுப் பணிவைச் சோதிக்கும் இவ்வழக்கத்தைச் சிலர் ‘ஆண்மை வளர்ப்பு’ என்று இன்றும் புகழ்கின்றனர். நாம் அதற்கு ஒருப்படோம்.

எம்மூர்ச் சிறுவர்க்கு வருவோம். பீங்கான் தொழில்நுட்பம் பயில விரும்புவோனுக்கு இவ்வாராய்ச்சி வேண்டுவதில்லை. அவனுக்குரிய பயிற்சிக்கூடமும் சூளைகளும் இங்கேயே உள. அத்தொழிலைக் கற்பிக்கும் இடங்கள் மிகச்சிலவாதலின், விடுதியிற் சாம்பார் எப்படியென்று வினவி எவனும் இடத்தை மாற்றான். பட்டவகுப்பு நாடுவோனுக்கும் திருக்கொளஞ்சியப்பர் பெயரிலுள்ள அரசினர் கலாசாலை அருகேயுண்டு. உள்ளூரிற் படித்தால் செலவு குறையும், தாயின் கைச்சோறு கிடைக்கும். சூளைத் தொழிலாளியின் மகன், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை புகுவோன், இதனை விட்டுத் தாம்பரமோ திருச்சியோ செல்லலாமா?

ஒரே பாடம் இரண்டிடத்தும் ஒப்ப நடக்குமாயின், விடுதியை ஒரு காரணமாகக் கொள்ளலாம் என்போம். அவன் வீட்டில் விண்ணப்பம் எழுதவோ, ஆங்கிலத்தில் உரையாடவோ, எத்தேர்வுக்கு எந்நூல் வேண்டுமென்று சொல்லவோ ஆளில்லை. அடுத்த அறையில் மூத்த மாணவன் இருப்பானாயின் அக்குறை இரவு உணவுக்குப்பின் தானே தீரும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு விடுதி ஓர் அலங்காரம். இவனுக்கோ அது பாதிக் கல்வி. பாடம் தாழ்ந்ததாயின், எத்துணைச் சிறந்த விடுதியும் அதற்கு ஈடாகாது.

தெரியுமுன் கேட்கவேண்டியன சில. உணவுச் செலவு நிலையான தொகையா, மாதந்தோறும் பங்கிடப்படுவதா என்பதைக் கேட்க. பங்கீடாயின் விழா மாதத்திற் கணக்கு ஏறும். முதலாண்டினர்க்குத் தனிப்பகுதி உண்டா என்று வினவுக. 2009-இற் பல்கலைக்கழக மானியக்குழு வகுத்த விதிகள் அதனை வேண்டுகின்றன, மாணவனும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தரவும் பணிக்கின்றன. விழாநாளிற் சென்று பார்ப்பதிற் பயனில்லை; அன்று எவ்விடுதியும் அழகே. சாதாரண வாரநாளின் மாலையில், விடுதிக் காப்பாளர் அங்கே இருக்கின்றாரா என்று பார்க்க. விருத்தாசலம் சந்திப்பில் வண்டியேறினால் தாம்பரத்திலேயே இறங்கலாம். சிதம்பரத்திற்கோ பஸ் உண்டு.