மறுத்துச் சொல்ல அஞ்சுகிறீரா?

நமது நாட்டிலே கந்தோர் ஒன்றிற் பணியாற்றும் இலிகிதர் ஒருவரை அணுகி, "மேலதிகாரி சொல்வது பிழையென்று உமக்குப் பட்டால், அதனை அவர் முகத்துக்கு நேரே சொல்வீரா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் வாயிற் கதவைத் திரும்பிப் பார்ப்பார். விடை அதன் பின்னரே வரும்; வராமலும் போகலாம்.

ஏறத்தாழ இவ்வினாவையே உலகின் பற்பல நாடுகளிலுள்ள தன் ஊழியர்களிடம், அவரவர் மொழியில் அச்சிட்டுக் கொடுத்து, விடை பெற்ற கம்பனி ஒன்றுண்டு. கணக்கிடும் பொறிகளாலும் பின்னர்க் கணினிகளாலும் பெரும்பெயர் ஈட்டிய ஐ.பீ.எம். என்பதே அது. மாபெருந் தொழில்நுட்பக் கம்பனியொன்றின் ஊழியர் தம் வேலையைப் பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதை அறிய விழைவோர்க்கு அக்கம்பனியின் கதை ஒரு நல்ல பாடநூலாகும். அதில் ஒரு சில ஏடுகளை வாசகர்களுடன் சேர்ந்து புரட்டிப் பார்க்கலாமென எண்ணினோம்.

1911 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் சில சிறு கம்பனிகள் ஒன்றுசேர்ந்தன. தராசுகள், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கெடுக்கும் பொறிகள், தொழிலாளர் வேலைக்கு வந்த நேரத்தைப் பதியும் கடிகாரங்கள் முதலியன அவற்றின் சரக்கு. ஊழியரின் நேரத்தைப் பதியப் பொறி செய்த நிறுவனம் அரை நூற்றாண்டின் பின் அவர்தம் மனத்தையும் பதிய முற்பட்டமை ஒரு வேடிக்கைதான். 1914 இல் வந்து நிருவாகத்தை ஏற்ற தொமஸ் வாற்சன் என்பார் 1924 இல் அதற்கு இன்ரநஷனல் பிசினஸ் மெஷின்ஸ் என்னும் பெயரைச் சூட்டினார்.

வாற்சன் கண்டிப்பும் கனிவும் ஒருங்கே உடைய தந்தையைப் போன்றவர். 'சிந்தி' என்று பொருள்படும் ஒற்றைச் சொல் அவருடைய கந்தோர்ச் சுவர்களெங்கும் தொங்கியது. ஊழியர் கருநிறக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் அணிந்தனர். கம்பனியையும் அதன் தலைவரையும் போற்றும் பாட்டுக்கள் அடங்கிய புத்தகமொன்றும் இருந்தது. கூட்டங்களில் எல்லோருஞ் சேர்ந்து பாடினர். (எமது கல்லூரிகளின் பரிசளிப்பு விழாக்கள் வாசகர் மனக்கண்முன் வந்து நின்றால் அஃது எமது குற்றமன்று.) சுவரிலே 'சிந்தி' என்று எழுதிவைத்துவிட்டு எல்லோரையும் ஒரே பாட்டைப் பாடவைத்தமையை இன்று நாம் நகைக்கலாம். ஆயின் 1930 களின் பொருளாதார மந்தத்திலே, அமெரிக்கத் தொழிற்சாலைகள் பல கதவடைத்த காலையில், வாற்சன் தம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. வாங்குவாரில்லாத உதிரிப்பாகங்களைச் செய்வித்துக் களஞ்சியத்தில் அடுக்கினார். 1935 இல் அமெரிக்க அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது கோடிக்கணக்கானோரின் கணக்கை வைத்திருக்கப் பொறிகள் வேண்டியிருந்தன, அவை ஐ.பீ.எம். களஞ்சியத்தில் ஆயத்தமாக இருந்தன. 1934 இற் கூட்டு ஆயுட்காப்புறுதியும் 1937 இற் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் ஊழியர்க்குக் கிடைத்தன. பாட்டைப் பாடியவர்கள் வயிறார உண்டே பாடினார்கள் என்பதை மறத்தலாகாது.

நன்றியுணர்ச்சி நிறைந்திருந்த அவ்விடத்தில் மாறுபட்ட கருத்து எங்கே ஒளிந்திருந்தது? பகிடியிலேதான். கம்பனி தன் ஆட்களை ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டே இருந்தமையால், அதன் பெயரிலுள்ள மூன்று எழுத்துக்களுக்கும் ஊழியர் தமக்குள்ளே வேறொரு விரிவு கூறிக்கொண்டனர்: 'ஐவ் பீன் மூவ்ட்', அதாவது 'என்னை இடம் மாற்றிவிட்டார்கள்'. 1956 இல் தந்தையின் பின் தலைமையேற்ற இளைய வாற்சன், காட்டுத் தாராவைப் பழக்கிவிடலாம், பழகிய தாராவை மீண்டுங் காட்டுத் தாராவாக்க இயலாது என்னுங் கதையைச் சொல்லி, எமது கம்பனிக்குக் காட்டுத் தாராக்களே வேண்டும் என்று பேசுவது வழக்கம். அதனைக் கேட்ட ஊழியர் ஒருவர், காட்டுத் தாராக்களும் அணிவகுத்துத்தானே பறக்கின்றன என்றாராம்.

எந்த ஊழியரும் தம் முறைப்பாட்டைத் தலைவரிடமே கொண்டுசெல்லலாம் என்னும் 'திறந்த கதவு' முறை மூத்த வாற்சன் காலத்திலேயே ஏற்பட்டுவிட்டது. கதவு திறந்திருந்தாலும் அதனூடு நுழைபவரை மற்றவர்கள் பார்ப்பார்களன்றோ? அக்குறையை நீக்க வந்தது பெயர் எழுதாத வினாக்கொத்து. ஊழியர் விடைகளை எழுதுவர். அவை தொகுக்கப்பட்டு அந்தந்தப் பகுதிக்கே திரும்பி வரும். முகாமையாளரும் ஊழியரும் கூடியிருந்து அவற்றைப் பற்றிப் பேசுவர். இவ்வேலையை ஐரோப்பாவிலே முன்னின்று நடத்தியவர் கேர்ட் ஹொவ்ஸ்டெட என்னும் ஒல்லாந்தர். இவர் இயந்திரப் பொறியியல் கற்றவர். தொழிலாளரின் உள்ளத்தைக் கீழே நின்று அறியவேண்டுமென விரும்பி, தம் கல்வியை மறைத்துத் தொழிற்சாலையிற் சாதாரண தொழிலாளியாகச் சில காலம் வேலை செய்தவர். 1965 இல் ஐ.பீ.எம். இற் சேர்ந்தார்.

1967 முதல் 1973 வரையில் 20 மொழிகளிலே 116,000 வரையிலான வினாக்கொத்துக்கள் நிரம்பிச் சேர்ந்தன. ஹொவ்ஸ்டெட 40 நாடுகளின் விடைகளை எடுத்து ஒப்பு நோக்கினார். ஒரே கம்பனி, ஒரே விதமான வேலை, ஒரே சட்டதிட்டம். எனவே விடைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுமாயின் அவ்வேறுபாட்டை ஊழியர் தத்தம் மண்ணிலிருந்தே கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது அவர் துணிபு. மேலாளருடன் மாறுபடுவதை வெளியிட ஊழியர் எவ்வளவு அடிக்கடி அஞ்சுகின்றனர் என்னும் வினாவையும், மேலாளர் தாமே முடிவெடுப்பவரா கலந்தாலோசிப்பவரா என்பது பற்றிய வினாக்களையும் சேர்த்து அவர் ஓர் அளவுகோல் செய்தார். அதிகார இடைவெளி என்று அதனைத் தமிழிற் கூறலாம். ஒஸ்திரியாவுக்கு 11 கிடைத்தது, டென்மார்க்குக்கு 18, பெரிய பிரித்தானியாவுக்கு 35, அமெரிக்காவுக்கு 40. இந்தியாவுக்கு 77, மெக்சிக்கோவுக்கு 81, பிலிப்பைன்சுக்கு 94. எண் கூடக் கூட அச்சமும் கூடும்.

எம்மை இன்னும் அதிகமாகச் சிந்திக்கவைத்த செய்தி வேறொன்று. அச்சம் மிக்க நாடுகளிலே, கலந்தாலோசிக்கும் மேலாளர் வேண்டுமென்று எல்லோரும் ஏங்கினர் என்று எண்ணிவிடாதீர்கள். தாமே முடிவெடுத்துக் கட்டளையிடும் மேலாளரே தமக்கு உகந்தவர் என்று சொன்னோர் அங்கே பலர். பிரித்தானியா போன்ற நாடுகளுக்குள்ளேயே, படித்த உத்தியோகத்தரிலும் பார்க்கப் பயிற்சியில்லாத் தொழிலாளரிடம் இடைவெளி பெரிதாக இருந்தது. ஆகவே நாட்டோடு நாற்காலியையும் சேர்த்தே இவ்வச்சத்தை அளக்கவேண்டும். ஒரு கம்பனியின் ஆட்களை வைத்து ஒரு நாட்டின் குணத்தைச் சொல்லலாமா என்று பின்வந்த அறிஞர் சிலர் வினவினர், அக்கேள்வி நியாயமானதே. ஹொவ்ஸ்டெட 1980 இல் இவ்வாராய்ச்சியை நூலாக வெளியிட்டபோது கம்பனியின் பெயரை மறைத்து, கிரேக்கரின் தூதுத் தெய்வமாகிய ஹேர்மிஸின் பெயரை இட்டிருந்தார். ஊழியரும் பெயர் எழுதவில்லை. கம்பனிக்கும் பெயர் எழுதப்படவில்லை.

அந்த 40 நாடுகளில் இலங்கை இல்லை. எம்மவர் என்ன விடை எழுதியிருப்பர் என்பதை நாம் வேறொரு வழியால் அறிய நேர்ந்தது. எம்மிடம் கணிதம் பயின்ற மாணாக்கர் ஒருவர் இப்பொழுது மேல்நாடொன்றிலே பெரிய தொழில்நுட்பக் கம்பனியொன்றில் பொறியியலாளராக இருக்கின்றார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர் எம் வீட்டுக்கும் வந்திருந்தார். அவருடைய கம்பனியும் ஆண்டுதோறும் பெயரில்லா வினாக்கொத்து ஒன்றை ஊழியர்க்குக் கொடுக்கின்றதாம்.

"நீர் என்ன எழுதுவீர்?" என்றோம்.

"எல்லாத்துக்கும் நல்லதெண்டுதான் போடுவன், சேர். பேர் தெரியாதெண்டுதான் சொல்லுகினம். எங்கடை பகுதியிலை இருக்கிறதே ஆறு பேர். அதுக்குள்ளை நான் எழுதினா ஆர் எழுதினதெண்டு தெரியாதோ?"

"பயமோ?"

"பயமெண்டு சொல்லேலாது, சேர். பழகிப்போச்சு."

நன்றி, பகிடி, பழக்கம் ஆகிய இம்மூன்றும் மூடிவைத்திருக்கும் கருத்து எப்பொழுது வெளிவரும்? ஐ.பீ.எம். இன் பிற்காலம் அதனைக் காட்டுகின்றது. 1985 ஆம் ஆண்டளவில் அங்கே 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். வேலையினின்றும் நீக்கப்படமாட்டோம் என்பது அவர்களுக்கு எழுதாத சாசனம். 1993 இல் அக்கம்பனி 800 கோடி டொலருக்கு மேல் நட்டமடைந்தது, சாசனம் கிழிந்தது. நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே தந்தையும் மகனும் ஒரே தொழிற்சாலையில் உழைத்த ஊர்களில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. அவ்வாண்டு தலைமையேற்ற லூயிஸ் கேர்ஸ்ற்னர் மேலும் 35,000 இடங்களைக் குறைப்பதாக அறிவித்தார். 1999 இல் ஓய்வூதியத் திட்டத்தை மாற்றியபோது, பல்லாண்டு உழைத்த நடுவயதினர் தமக்கு வரவிருந்தது குறைவதைத் தாமே கணக்கிட்டறிந்து வெகுண்டனர். கணக்குப் பார்ப்பதையே தொழிலாக உடையவரிடம் கணக்கை மறைக்க முடியுமா? தொழிற்சங்கத்தின் வாடையே அறியாதிருந்தவர்கள் சங்கம் அமைத்தனர். கம்பனி சற்று இறங்கிவந்து, 40 வயதும் 10 ஆண்டுச் சேவையும் உடையோர் பழைய திட்டத்திலேயே இருக்கலாமென்றது.

2003 ஆம் ஆண்டு யூலையில் நிகழ்ந்தது இவை எல்லாவற்றினும் விசித்திரமானது. அப்பொழுது தலைவராக இருந்த சாமுவேல் பல்மிசானோ, கம்பனியின் விழுமியங்கள் எவையென ஊழியரே பேசி முடிவுசெய்யட்டும் என்றார். கம்பனியின் உள்வலையில் 72 மணி நேரம் அப்பேச்சு நடந்தது. ஏறத்தாழ 50,000 பேர் அதனைப் பார்த்தனர். 10,000 வரையிலான கருத்துக்கள் எழுதப்பட்டன. ஐ.பீ.எம். இல் இன்று எஞ்சியுள்ள ஒரே விழுமியம் பங்கு விலைதான் என்று ஒருவர் எழுதினார். முதல் நாளிலே கசப்பான சொற்களே மிகுந்து வந்தமையால் மேலதிகாரி ஒருவர் பேச்சையே நிறுத்திவிடலாமென்றார். பல்மிசானோ நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் தொனி மாறியது. தம் குறையைச் சொல்லி முடித்தவர்கள், இனி என்ன செய்யலாமென்று பேசத் தொடங்கினர். அப்பேச்சிலிருந்து திரட்டப்பட்ட விழுமியங்களுள் நம்பிக்கை என்பதும் ஒன்று. எனினும் கதை அங்கே மங்களமாக முடிந்துவிடவில்லை. 2013 க்கும் 2018 க்கும் இடையில் மூத்த ஊழியரைக் குறைக்குமாறு மேலிடத்திலிருந்து பணிப்புச் சென்றமைக்குச் சான்று கண்டதாக, அமெரிக்காவின் சமவாய்ப்பு வேலை ஆணைக்குழு 2020 இல் கூறியது. கம்பனி அதனை மறுத்தது. 72 மணி நேரப் பேச்சிலே கலந்துகொண்ட ஊழியர் பலர் அக்காலத்தில் நரைத்திருப்பர்.

மேற்கூறியவற்றுள் பெரும்பகுதியை அந்த மாணாக்கருக்கு நாம் அன்றே சொன்னோம். ஆசிரியர்க்குரிய பழக்கம் விட்டபாடில்லை. ஆறிய தேநீரைக் கையில் வைத்தபடி இறுதிவரை கேட்டிருந்தார். எழுந்து செல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கம்பனி வருசா வருசம் கேக்குது, சேர். நீங்கள் எங்களை எப்ப கேட்டனீங்கள்?"

"விளங்கினதோ?" என்று நாம் கேட்பதும், "ஓம் சேர்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையிறுப்பதும் எமக்கு நினைவு வந்தன. அவர் பழகியது எந்த இடத்தில் என்பதை நாம் வேறெங்கும் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கிழமை உயர்தர வகுப்பு மாணாக்கர் 34 பேருக்கும் அரைத்தாள் ஒவ்வொன்று கொடுத்து, பெயர் எழுதாமல், எமது கற்பித்தலில் உள்ள குறையை எழுதித் தருமாறு கேட்டோம். 21 தாள்கள் வெறுமையாகத் திரும்பின. பன்னிருவர் குறையொன்றும் இல்லையென எழுதியிருந்தனர். அவருள் இருவர் எம்மைப் புகழ்ந்துமிருந்தனர். எஞ்சிய ஒருவர், கையெழுத்தை நாம் கண்டுபிடித்துவிடக் கூடாதென்பதற்காகப் போலும், அளவுகோல் வைத்துக் கோடு கோடாக எழுத்துக்களை வரைந்திருந்தார்: "சேர் பலகையை மறைச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்."

18 ஆண்டுகளாக நாம் அவ்வாறே நின்று கற்பித்து வந்திருக்கின்றோம்.