தென்பெண்ணை ஆற்றில் குளிர்கால நீர்ப்பறவை நோக்கல்

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே தட்சிண பினாகினி என்ற பெயரில் ஓடி, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. எல்லையைத் தாண்டியபின் அதன் நீர் முதலில் கெலவரப்பள்ளி அணையிலும், பின்னர் கிருஷ்ணகிரி அணையிலும் தேங்குகிறது. இந்த நீர்த்தேக்கங்களும் சுற்றியுள்ள ஏரிகளும் நவம்பர் முதல் மார்ச் வரை நீர்ப்பறவைகளைக் காண ஏற்றவை. ஓடும் ஆற்றில் வாத்துகள் குறைவு. ஆழமில்லாத, நீரோட்டமற்ற ஓரங்களையே அவை நாடும்.

காணத்தக்க பறவைகள்

புள்ளிமூக்கு வாத்து, முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம் ஆகியவற்றை ஆண்டின் பெரும்பகுதியிலும் பார்க்கலாம். தட்டைவாயன், நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை நடு ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வலசை வருபவை. வந்த புதிதில் ஆண் வாத்துகளும் பெட்டைகளைப் போலவே மங்கிய பழுப்பு நிறத்தில் இருப்பதால், புதியவர்கள் குழம்புவது இயல்பு. அப்போது நிறத்தை நம்பாமல் அலகைப் பார்க்க வேண்டும். கரண்டிபோல் அகன்ற அலகு இருந்தால் அது தட்டைவாயன். சனவரிக்குப் பின் பெரும்பாலான ஆண் வாத்துகளுக்கு முழு வண்ணம் வந்துவிடும். நீலச்சிறகிதான் சற்றுத் தாமதிக்கும்.

நீர்மட்டம் இறங்கிச் சேறு வெளிப்படும்போது உள்ளான்கள் கூடுகின்றன. காலையில் வெயில் முதுகுப்பக்கம் இருக்குமாறு கரையில் நிற்பது நல்லது. நீர்ப்பரப்பு விரிந்து கிடப்பதால் பைனாகுலர் இல்லாமல் பயனில்லை.

பறவைகளும் நீரின் தூய்மையும்

பறவைகள் திரளாக இருந்தால் நீர் தூய்மையாக இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இந்த ஆற்றில் அந்தக் கணக்கு பொருந்தாது. பெங்களூரின் தென்கிழக்குப் பகுதிக் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக இதில் கலக்கிறது. தொழிற்சாலைக் கழிவும் சேர்கிறது. கழிவிலுள்ள நைட்ரசனும் பாஸ்பரசும் பாசியைப் பெருக்குகின்றன. அதை உண்ணும் நுண்ணுயிர்களும் புழுக்களும் பெருகுகின்றன. தட்டைவாயனின் அலகு ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு உண்டு. அதனால் நீரை வடித்து அந்த நுண்ணுயிர்களை உண்கிறது. சேற்றுப் புழுக்களைத் தின்னும் நெடுங்கால் உள்ளானுக்கும் இது விருந்துதான். மாறாக, மேலிருந்து மீனைக் கண்டு பாயும் ஆற்று ஆலாவுக்கும் மீன்கொத்திக்கும் தெளிந்த நீர் தேவை. எனவே எத்தனை பறவைகள் என்பதைவிட, எவ்வகைப் பறவைகள் என்பதே நீரைப் பற்றி அதிகம் சொல்லும்.

கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் நீர் வெளியேறும்போது வெண்ணுரை பொங்குவது பலமுறை செய்தியாகியுள்ளது. சலவைப் பொருள்கள் கலந்த நீரின் விளைவு அது. வாத்தின் இறகு நனையாமல் இருப்பதற்கு எண்ணெய் மட்டும் காரணமன்று. இறகின் நெருங்கிய இழைகளுக்கிடையே காற்று தங்கியிருக்கிறது, நீரின் பரப்பு இழுவிசை அதற்குள் நீர் புகாமல் தடுக்கிறது. சோப்பு அந்த இழுவிசையைக் குறைத்துவிடும். வகுப்பறையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்: வீட்டு வாத்தின் உதிர்ந்த இறகில் நீர் முத்துப்போல் உருண்டோடும், சோப்புநீரை விட்டால் இறகு நனைந்து ஒட்டிக்கொள்ளும். 2009இல் அமெரிக்காவின் வாசிங்டன், ஓரிகன் கடற்கரைகளில் பாசிப்பெருக்கால் உண்டான நுரை ஆயிரக்கணக்கான கடற்பறவைகளின் இறகுகளை நனைத்து, உடல்சூடு இழந்து மடியச் செய்தது. ஓசூர் நீர் அவ்வளவு குளிர்ந்ததன்று. ஆயினும் இறகு நனைந்த வாத்து மிதக்கவும் பறக்கவும் சிரமப்படும்.

பதிவு செய்தல்

1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகிறது. தன்னார்வலர்களும் இதில் பங்கேற்கலாம். இங்கே கணக்கெடுப்போர் பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றுடன் நீர்மட்டம், நீரின் நிறம், நுரை, செத்து மிதக்கும் மீன்கள் ஆகியவற்றையும் அதே தாளில் தேதியிட்டுக் குறித்துவைப்பது பயன்தரும். இல்லையேல், தட்டைவாயன்கள் பெருகிய ஓர் ஆண்டை நல்ல ஆண்டு என்று பின்னால் படிப்பவர் கொள்ளக்கூடும்.