வேரோடு எடுத்த சந்தனம்

மற்ற மரங்களை வெட்டுவார்கள். சந்தனத்தை வேரோடு தோண்டி எடுப்பார்கள். எண்ணெய் இருப்பது வைரம் பாய்ந்த கட்டையில். அதிலும் அடித்தூரிலும் வேரிலும்தான் அதிகம். தரைக்கு மேலே கோடரி போட்டால் விலைமதிப்பான பாகம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

ஜவ்வாது மலையில் சந்தனம் மண்டிக் கிடந்த காலத்தில் வனத்துறையும் அப்படித்தான் எடுத்தது. பட்டுப்போன மரத்தைச் சுற்றிப் பள்ளம் பறித்து, பக்கவேர்களையும் விடாமல் பெயர்த்து, அடிவாரத்தில் உள்ள திருப்பத்தூர் சந்தனக் கிடங்குக்கு இறக்குவார்கள். அங்கே வெள்ளைக்கட்டையைச் செதுக்கி நீக்கித் தரம் பிரித்து ஏலம் விடுவார்கள். வேருக்கு ஒரு விலை, சிராய்க்கு ஒரு விலை, தூளுக்கும் ஒரு விலை. அந்த மலையிலேயே வாழ்ந்த மலையாளிப் பழங்குடிகளுக்குக் கிடைத்தது கூலி. தன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தைக்கூட ஒருவர் விருப்பம்போல் எடுத்து விற்க அன்று முடியவில்லை. கடத்தல்காரர்களையோ எந்தத் தடையும் நிறுத்தவில்லை. வைரம் ஏறாத இளமரங்களும் அவர்களிடம் தப்பவில்லை.

பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்கு உடையவருக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருந்தியது 2002இல். அதற்குள் காட்டில் சந்தனம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. என் மனம் ஆறாத இடம் இதுதான்.

பிறகு பெயர்ந்தவர்கள் மனிதர்கள். ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்ட ஆள் தேடிய தரகர்கள் மலையேறி வந்தார்கள். மேட்டுநிலச் சாமை விளைச்சலை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்கு அவர்கள் காட்டிய முன்பணம் பெரிது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். கட்டையை வாங்கி விற்றுக் கொழுத்தவர் எவரும் அன்று அந்தக் காட்டில் சாகவில்லை.

மனிதர்களைப் பெயர்க்கக் கூடாது என்று சட்டமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, உரிமை சரிபார்த்து முடியும்வரை காட்டில் வாழும் பழங்குடிகளையும் பிற பாரம்பரிய வனவாசிகளையும் அவர்கள் நிலத்திலிருந்து அகற்றக் கூடாது. இப்போது பட்டா நிலத்தில் சந்தனக்கன்றும் நடலாம். அதன் வேர் அண்டைச் செடியின் வேரைப் பற்றி உணவு உறிஞ்சும். அதனால் துணைக்குத் துவரை போடுவார்கள். வைரம் ஏறத் தொடங்கவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த வீட்டுக்குச் சோறு போடுவது சாமையும் வெளியூர்க் கூலியும்தான்.